ஏற்ற இறக்கம் மட்டும் தெரிந்தால் எடை தெரியுமா? ஒரு பால்மரக் கணக்கும் ஐந்து விடைகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் நான்காம் வகுப்புக் கணக்கு போலத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தாம் இதில் அதிகம் சண்டை போடுகிறார்கள். கணக்கு இது:

ஒரு பால்மரத் (ரப்பர் மரத்) தொழிலாளி 5 நாள் பால் எடுத்தார். கிராணி (தோட்ட எழுத்தர்) தினசரி எடையை எழுதிய தாள் மழையில் ஊறிப் போனது. மிஞ்சியது முந்தைய நாளோடு ஒப்பிட்ட குறிப்பு மட்டும்: 3 கிலோ குறைவு, 5 கூடுதல், 4 குறைவு, 6 கூடுதல். எந்த நாளும் எடை 20 கிலோவுக்குக் குறையவில்லை. 32 கிலோவைத் தாண்டவும் இல்லை. எல்லாம் முழுக் கிலோ. அந்த 5 நாள் எடைகள் எத்தனை விதமாக இருந்திருக்கலாம்?

வந்த விடைகள் 13, 9, 7, 6, 5. ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் இருக்கிறது.

சரியான விடை 6. அது ஏன் 6, மற்றவை எங்கே வழுக்கின, குறிப்பில் இன்னும் கொஞ்சம் அழிந்து போனால் கணக்கு எப்படி மாறும் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். (எந்தக் கிராணியும் இப்படி எழுதமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் ஸ்டோரில் எடை வேண்டும். அதோடு பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்ற விகிதமும் வேண்டும். அது சுமார் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். கணக்கு போட்டவர் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார். நாமும் ஒதுக்கி வைப்போம்.)

வேறுபாடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நான்கு சொற்களை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1. தொடர்: வரிசை மாறாமல் எழுதிய எண்கள். இங்கே 5 நாள் எடை. வரிசை மாறினால் தொடரும் வேறு.
2. வேறுபாடு: ஓர் எண்ணிலிருந்து அதற்கு முந்தையதைக் கழித்தால் வருவது. கூடினால் கூட்டல் குறி, குறைந்தால் கழித்தல் குறி. 5 எண்ணுக்கு 4 வேறுபாடு.
3. எல்லை: எந்த எண்ணும் கீழே போகக் கூடாத அளவு, மேலே போகக் கூடாத அளவு. இங்கே 20, 32.
4. ஓடும் கூட்டு: வேறுபாடுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும்போது ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் தொகை.

வேறுபாட்டுக்கு ஒரு குணம் உண்டு. எல்லா எண்களையும் ஒரே அளவு தள்ளி வைத்தால் அதற்கு எதுவும் தெரியாது. இதை மலேசியர்கள் ஒருமுறை நாடு முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் ஒரேயடியாக 12-க்குத் தாவின. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. தோட்டத்தில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) மணிக்கும் பால் எடை போடும் மணிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மட்டும் ஒருவர் குறித்து வைத்திருந்தார் என்று கொள்ளுங்கள். இரண்டு மணியும் சேர்ந்தே தள்ளிப் போயிருந்தால், அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி 1982-இல் கடிகாரம் மாறியதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இடைவெளி அப்படியே இருக்கும்.

நம் கணக்கிலும் இதேதான். நான்கு வேறுபாடுகளும் 5 எடைகளின் வடிவத்தை முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. அந்த வடிவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. ஆக நமக்குத் தெரியாத எண்கள் ஐந்து அல்ல, ஒன்றே ஒன்று. முதல் நாள் எடையைச் சொன்னால் மற்ற நான்கும் தாமே வந்து விழும். எனவே கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்கலாம்: முதல் நாள் எடைக்கு எத்தனை மதிப்புகள் பொருந்தும்?

துண்டுக் காகிதத்தை நகர்த்துதல்

கோடு போட்ட கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் கீழிருந்து மேலாக 20, 21, 22 என்று 32 வரை எழுதினால் 13 கோடுகள் வரும். தனியாக ஒரு மெல்லிய துண்டுக் காகிதத்தில், அதே கோட்டு இடைவெளியில் 5 புள்ளிகளை வையுங்கள். முதல் நாளை 0 என்று வைத்துக்கொண்டு ஓடும் கூட்டைப் போட்டால்:

முதல் நாள்: 0
இரண்டாம் நாள்: 0 − 3 = −3
மூன்றாம் நாள்: −3 + 5 = 2
நான்காம் நாள்: 2 − 4 = −2
ஐந்தாம் நாள்: −2 + 6 = 4

மிகத் தாழ்ந்த புள்ளி −3, மிக உயர்ந்த புள்ளி 4. இரண்டுக்கும் இடையே 7 கோட்டு உயரம். இதை வீச்சு என்று வைத்துக்கொள்வோம். இப்போது துண்டுக் காகிதத்தைப் பக்கத்தின் மேல் வைத்து, தாழ்ந்த புள்ளி 20-ஆம் கோட்டில் உட்காரும்படி நிறுத்துங்கள். இரண்டாம் நாள் 20. அப்படியானால் முதல் நாள் 23, முழுத் தொடரும் 23, 20, 25, 21, 27. மேலே 28 முதல் 32 வரை 5 கோடுகள் காலியாக இருக்கின்றன. காகிதத்தை ஒரு கோடு மேலே நகர்த்தினால் 24, 21, 26, 22, 28. இப்படி 5 முறை நகர்த்தலாம். கடைசியில் 28, 25, 30, 26, 32 வந்து உயர்ந்த புள்ளி மேல் எல்லையைத் தொட்டுவிடும். முதலில் நின்ற இடம் 1, நகர்ந்தவை 5. மொத்தம் 6.

எழுத்தில் சொன்னால்: மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழி, அதிலிருந்து வீச்சைக் கழி, 1 கூட்டு. 12 − 7 + 1 = 6. 1 கூட்டிய பிறகும் 0 அல்லது அதற்கும் கீழே வந்தால் விடை 0.

மற்ற நான்கு விடைகள்

தவறான விடைகள்தாம் இந்தக் கணக்கின் சுவையான பகுதி. ஒவ்வொன்றும் ஒரு நியாயமான நினைப்பிலிருந்து பிறந்திருக்கிறது.

1. 13 என்றவர்கள், முதல் நாள் 20 முதல் 32 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று எண்ணிவிட்டார்கள். முதல் நாள் 20 என்றால் இரண்டாம் நாள் 17 ஆகிவிடும் என்பதைப் பார்க்கவில்லை.

2. 9 என்றவர்கள் நான்கு வேறுபாடுகளையும் கூட்டி 4 என்று கண்டார்கள்; 12 − 4 + 1 = 9. இதுதான் மிக அதிகம் பேர் விழுந்த குழி. தொடக்கமும் முடிவும் எல்லைக்குள் இருந்தால் போதும் என்ற நினைப்பு. நடுவழியில் எடை எங்கே விழுந்தது, எங்கே எழுந்தது என்பது அந்தக் கூட்டுத்தொகையில் தெரியாது. முதல் நாள் 22 என்று வைத்துப் பாருங்கள். முடிவு 26, அழகாக எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் இரண்டாம் நாள் 19.

3. 7 என்றவர்கள் மிகப் பெரிய ஒற்றைத் தாவல் 6 என்று எடுத்து 12 − 6 + 1 போட்டார்கள். ஒரு தாவலை மட்டும் பார்த்தால் போதாது. சின்னச் சின்ன ஏற்றங்கள் சேர்ந்து பெரிய ஏற்றமாகலாம். இங்கே −3-இலிருந்து 4 வரை ஏறியது ஒரே நாளில் அல்ல, மூன்று நாள் தாண்டி.

4. 5 என்றவர்கள் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, 1 கூட்ட மறந்தார்கள். காகிதம் நகர்ந்ததை எண்ணினார்கள். முதலில் நின்ற இடத்தை எண்ணவில்லை. 20 முதல் 32 வரை 12 எண்கள் என்று சொல்லும் பழக்கமும் இதே கோளாறுதான்.

இன்னொரு தவறும் உண்டு, இந்த எண்களில் அது வெளியே தெரியவில்லை. வீச்சைக் காணும்போது தொடக்கப் புள்ளியான 0-ஐச் சேர்க்காமல் விட்டுவிடுவது. இங்கே 0 நடுவில் விழுந்ததால் தப்பித்தார்கள். வேறுபாடுகள் 2 கூடுதல், 3 கூடுதல் என்று இருந்தால் ஓடும் கூட்டு 0, 2, 5. வீச்சு 5. அந்த 0-ஐ மறந்தவருக்கு 3 என்று வரும்.

ஏற்ற இறக்கம் மிகுந்தால் மறைப்பு குறையும்

கணக்கிலிருந்து கிடைக்கும் ஒரு விளைவு வீட்டு வாசல் வரை வரக்கூடியது. உண்மை எண்ணைச் சொல்லாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் வெளியிட்டால் ரகசியம் காப்பாற்றப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அதே 4 வேறுபாடுகளோடு எல்லை 20 முதல் 27 வரை என்று தெரிந்தால் என்ன ஆகும்? 7 − 7 + 1 = 1. ஒரே ஒரு தொடர்தான் பொருந்தும்: 23, 20, 25, 21, 27. ஒரு நாள் எடையைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஐந்தும் வெளியே வந்துவிட்டன. எல்லை 20 முதல் 26 வரை என்று யாராவது சத்தியம் செய்தால், விடை 0. அதாவது குறிப்பு தவறு, அல்லது சத்தியம் தவறு.

எடை அமைதியாக இருந்த வாரத்தில் வீச்சு சிறியது, சாத்தியங்கள் பல. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து எடை எகிறிக் குதித்த வாரத்தில் வீச்சு பெரியது, சாத்தியங்கள் சில. ஒரு நாள் எடை மட்டும் எங்காவது ரசீதில் அகப்பட்டால் எல்லாமே முடிந்தது. மூன்றாம் நாள் 26 என்று தெரிந்தால், ஓடும் கூட்டில் அதன் இடம் 2 என்பதால் முதல் நாள் 24.

கணினியில் எழுதும்போது

நிரல் எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு இதே கணக்கு ஓர் இலட்சம் வேறுபாடுகளோடு வருவதுண்டு. பெரிய பட்டியல் எதையும் சேமிக்கத் தேவையில்லை. ஓடும் கூட்டு, இதுவரை கண்ட சிறியது, இதுவரை கண்ட பெரியது என்ற மூன்று எண்கள் போதும். மூன்றும் 0-இல் தொடங்கும். ஒவ்வொரு வேறுபாட்டையும் ஒருமுறை கூட்டு. சிறியது, பெரியது மாறினால் திருத்து. வீச்சு எல்லை அகலத்தைத் தாண்டிய அந்த நொடியே விடை 0 என்று சொல்லிவிட்டு நிறுத்தலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஓர் இலட்சம் வேறுபாடுகள், ஒவ்வொன்றும் ஓர் இலட்சம் வரை என்றால் ஓடும் கூட்டு 1000 கோடியைத் தொடலாம். 32 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்சம் 2147483647, அதாவது 214 கோடிக்குச் சற்று மேல். ஜாவா நிரல்மொழியில் அதைத் தாண்டினால் பிழை என்று எந்தக் கூச்சலும் வராது. எண் சுருண்டு வேறொன்றாகிவிடும். 64 பிட் எண்ணில் வைத்தால் தொல்லையில்லை. பைத்தானில் இந்தக் கவலையே கிடையாது.

அடுத்தடுத்த நாள் அல்ல, எந்த இருவரும்

இப்போது கணக்கைக் கொஞ்சம் முறுக்குவோம். பால்மரத்திலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) வருவோம். காலைத் தேநீருக்கு முன் ஐந்து பேர் வெட்டிய குலைகளை மண்டோர் (மேற்பார்வையாளர்) எண்ணினார். எண்ணிக்கையைச் சொல்லாமல் ஒப்பீட்டை மட்டும் சொல்கிறார். ஒவ்வொருவரும் வெட்டியது 10 முதல் 20 குலைக்குள்.

1. காளி, முனியாண்டியைவிட 4 குலை கூடுதல்.
2. வேலு, காளியைவிட 6 குலை குறைவு.
3. வேலு, முனியாண்டியைவிட 2 குலை குறைவு.
4. தேவன், ராமுவைவிட 5 குலை கூடுதல்.

இங்கே இரண்டு புதிய சங்கதிகள் நுழைகின்றன.

முதலாவது, மூன்றாம் கூற்று புதிதாக எதையும் சொல்லவில்லை. முதலிரண்டும் உண்மையானால் 4 − 6 = −2; மூன்றாவது தானாகவே உண்மை. அது தகவல் அல்ல, சோதனை. மண்டோர் அங்கே 2-க்குப் பதிலாக 1 என்று சொல்லியிருந்தால், எல்லை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பொருந்தும் விடை ஒன்றுமே இல்லை. ஒரு வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் வேறுபாடுகளின் கூட்டு 0 ஆக வேண்டும் என்பதே விதி.

நில அளவையாளர்களுக்கு இது அன்றாடம். மட்டக் கருவியை வைத்துக்கொண்டு மேடு பள்ளமாக இடத்துக்கு இடம் உயர வேறுபாட்டை அளந்தபடி ஒரு சுற்றுப் போய்த் தொடங்கிய கல்லுக்கே திரும்புவார்கள். கூட்டிப் பார்த்தால் 0 வர வேண்டும். வராத மிச்சம்தான் அளவைப் பிழை. அதோடு அவர்களுக்கும் நமக்கு இருக்கும் அதே குறை உண்டு: வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு உயரத்தைச் சொல்ல முடியாது, எங்காவது ஓர் ஆணி அடித்தாக வேண்டும். தீபகற்ப மலேசியாவுக்கு அந்த ஆணி கிள்ளான் துறைமுகத்தில் கணித்த சராசரிக் கடல் மட்டம்.

இரண்டாவது, ஐந்து பேரும் ஒரே கூட்டமாக இல்லை. முனியாண்டி, காளி, வேலு ஒரு குழு. ராமு, தேவன் ஒரு குழு. இரண்டுக்கும் நடுவே பாலம் எதுவும் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் தனித் துண்டுக் காகிதம், தனி நகர்வு.

முதல் குழு: முனியாண்டி 0, காளி 4, வேலு −2. வீச்சு 6. எண்ணிக்கை 10 − 6 + 1 = 5.
இரண்டாம் குழு: ராமு 0, தேவன் 5. வீச்சு 5. எண்ணிக்கை 10 − 5 + 1 = 6.

ஒன்றின் நகர்வு மற்றதைத் தொடாததால் பெருக்க வேண்டும்: 5 × 6 = 30. யாரோடும் ஒப்பிடப்படாத ஆறாவது ஆள் ஒருவர் இருந்தால் அவருக்குத் தனியாக 11 சாத்தியம், மொத்தம் 330.

இனி மண்டோர் ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்கிறார்: ராமு, முனியாண்டியைவிட 1 குலை கூடுதல். இரண்டு காகிதங்களும் ஒட்டிக்கொண்டன. இடங்கள் 0, 4, −2, 1, 6. வீச்சு 8. எண்ணிக்கை 10 − 8 + 1 = 3. அந்த ஒரு வாக்கியம் 30-ஐ 3 ஆக்கிவிட்டது. அதற்கு முன் சொன்ன மூன்றாம் கூற்றோ எண்ணிக்கையை ஒன்றும் செய்யவில்லை. ஒப்பீடு எத்தனை என்பது முக்கியமல்ல, அது பிரிந்து கிடப்பவர்களை இணைக்கிறதா என்பதுதான் முக்கியம். 30 பேர் உள்ள ஒரு பெரட்டில் இருவர் இருவராகச் சேர்த்தால் 435 சோடிகள் வரும். அவற்றில் சரியான 29 இருந்தால் எல்லாரும் ஒரே குழு. மீதி 406 ஒப்பீடும் சரிபார்ப்பு வேலைதான்.

கூடுதலா குறைவா என்பதே அழிந்துவிட்டால்

மழைத்தாளுக்குத் திரும்புவோம். இந்த முறை குறிகளும் கரைந்துவிட்டன. மிஞ்சியது 3, 5, 4, 6 என்ற வெறும் அளவுகள். கூடியதா குறைந்ததா தெரியாது. எல்லை முன்போலவே 20, 32.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வழி என்பதால் 2 × 2 × 2 × 2 = 16 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வீச்சு, தனி எண்ணிக்கை. எல்லாம் கூடினால் இறுதியில் நிற்பது 18 மேலே. அது 12 அகலத்துக்குள் அடங்காது, 0. பழைய வடிவத்துக்கு அதே 6. பதினாறையும் கூட்டினால் 40 வரும்.

கையால் 16 போடலாம். ஒரு மாதம், 30 நாள் என்றால்? 29 வேறுபாடுகள், வடிவங்கள் 2-ஐ 29 முறை பெருக்கியது, அதாவது 53 கோடிக்கும் மேல். இங்கே துண்டுக் காகிதம் உதவாது. வேறு வழி வேண்டும்.

வழி இது. 20 முதல் 32 வரை 13 பெட்டிகள் வரையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும், இன்றைய எடை இதுவாக முடியும் தொடர்கள் எத்தனை என்று எழுத வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு பெட்டியிலும் 1. மறுநாள் ஒரு பெட்டியின் மதிப்பு என்பது, அதிலிருந்து 3 கீழே உள்ள பெட்டியும் 3 மேலே உள்ள பெட்டியும் நேற்று வைத்திருந்ததன் கூட்டு. பெட்டிக்கு வெளியே போனால் 0. எடுத்துக்காட்டாக 21-ஆம் பெட்டிக்குக் கீழே 18 கிடையாது, மேலே 24 உண்டு, எனவே 1. 25-ஆம் பெட்டிக்கு 22, 28 இரண்டும் உண்டு, எனவே 2. இப்படியே அடுத்து 5, பிறகு 4, பிறகு 6. ஒவ்வொரு நாள் முடிவிலும் 13 பெட்டிகளின் மொத்தம் 13, 20, 26, 36, 40 என்று வளர்கிறது. கடைசி 40-உம் பதினாறு வடிவங்களைக் கூட்டியதில் வந்த 40-உம் ஒன்றாகப் பொருந்துவதைக் கவனியுங்கள்; இரண்டு வழியில் போட்டு ஒரே விடை வந்தால்தான் கணக்கைக் கீழே வைக்க மனம் வரும்.

30 நாளுக்கும் இந்த முறையில் 29 × 13 = 377 பெட்டிகளைத்தான் நிரப்ப வேண்டும். 53 கோடி எங்கே, 377 எங்கே.

ஒரு சின்னப் பொறி: வேறுபாடு 0 என்றால் கூடுதல் 0, குறைவு 0 என்று இருமுறை எண்ணக் கூடாது. இரண்டும் ஒன்றே.

எந்த இரண்டுக்கு இடையே என்பதும் தெரியாவிட்டால்

கடைசிப் படி இதுதான், மிகக் கடினமானதும் இதுதான். பட்டணத்திலிருந்து நேராகப் போகும் ஒரு சாலையில் 6 தோட்ட நுழைவாயில்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இரண்டு வாயிலுக்கும் இடையே எத்தனை கட்டை (மைல்) என்று யாரோ அளந்து, 15 தூரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வைத்துவிட்டார். எது எதற்கு இடையே என்பது இல்லை:

1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 11, 12, 13, 16, 17

எந்தத் தூரமும் இரண்டாம் முறை வரவில்லை. இவ்வளவு தெளிவான பட்டியல் இருக்கும்போது வாயில்கள் நிற்கும் இடம் ஒரே விதமாகத்தானே இருக்க முடியும்? போட்டுப் பார்ப்போம்.

1. மிகப் பெரியது 17. எனவே முதல் வாயில் 0, கடைசி வாயில் 17.
2. அடுத்துப் பெரியது 16. அது ஒரு முனையிலிருந்துதான் வர முடியும். எனவே 1-இல் ஒரு வாயில், அல்லது 16-இல் ஒரு வாயில். சாலையை மறுமுனையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. 1 என்று வைப்போம். 17, 16, 1 பட்டியலிலிருந்து நீங்கின.
3. மிஞ்சியதில் பெரியது 13. அதுவும் முனையிலிருந்துதான்: வாயில் 4-இல், அல்லது 13-இல். 4 என்றால் தூரங்கள் 4, 3, 13. மூன்றும் பட்டியலில் உண்டு. 13 என்றால் 13, 12, 4, அவையும் உண்டு. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.
4. 4-ஐத் தேர்ந்தால் பிறகு 12, 10 என்று வேறு வழியில்லாமல் வந்து விழுகின்றன: 0, 1, 4, 10, 12, 17.
5. 13-ஐத் தேர்ந்தால் 11, 8 வருகின்றன: 0, 1, 8, 11, 13, 17. நடுவில் 6 என்று ஒரு பக்கவழி தென்படும். அடுத்த அடியிலேயே முட்டுச்சந்து.

இரண்டிலும் சோடி சோடியாகக் கழித்துப் பாருங்கள். அதே 15 தூரங்கள். ஆனால் ஒன்றைத் தள்ளியோ திருப்பியோ மற்றதாக்க முடியாது.

இதில் ஏமாந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டும் அல்லர். வேறுபாடுகள் எல்லாம் தனித்தனியாக இருந்தால் அமைப்பு ஒன்றுதான் என்று சுவிஸ் கணித அறிஞர் சோஃபி பிக்கார்டு 1939-இல் ஒரு தேற்றமாகவே எழுதினார். அதை மறுக்கும் எடுத்துக்காட்டை புளூம் என்பவர் 1977-இல் வெளியிட்டார். மேலே நாம் கண்ட இரண்டு வரிசைகள்தாம் அது. படிகங்களில் எக்ஸ் கதிர் பாய்ச்சி அணுக்களின் இடங்களைத் தேடுவோருக்கும் கிடைப்பது இதே மாதிரியான தகவல்தான்: அணுக்களுக்கு இடையேயான வேறுபாடுகள், எது எதற்கு என்ற பெயர் இல்லாமல். அந்த வழியை 1934-இல் காட்டிய பேட்டர்சனே, வெவ்வேறு அமைப்புகள் ஒரே வேறுபாட்டுப் பட்டியலைத் தரக்கூடும் என்பதை 1944-இல் விளக்கினார்.

கணினி அறிவியலில் இதற்குச் சுங்கச்சாலைக் கணக்கு என்று பெயர். டோல் கட்டி ஓட்டும் சாலையை நினைத்து வைத்தது. மேலே செய்ததுபோல் பெரியதிலிருந்து வைத்துப் பார்த்து, முட்டினால் பின்வாங்கும் முறை பெரும்பாலும் விரைவாகவே முடிந்துவிடும். ஆனால் எல்லாப் பட்டியலுக்கும் விரைவாக முடியும் என்று உறுதி தரும் முறை ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். சாலை 0 முதல் 20-ஆம் கட்டை வரை என்றால் வீச்சு 17 உள்ள ஒவ்வோர் அமைப்பும் 20 − 17 + 1 = 4 இடங்களில் நிற்கலாம். அமைப்புகள் இரண்டு, ஒவ்வொன்றையும் திருப்பிப் போடவும் செய்யலாம். 4 × 2 × 2 = 16. முதல் வாயில் 0-இல்தான் என்று ஆணி அடித்துவிட்டால் மிஞ்சுவன நான்கு:

0, 1, 4, 10, 12, 17
0, 5, 7, 13, 16, 17
0, 1, 8, 11, 13, 17
0, 4, 6, 9, 16, 17

அந்தச் சாலையில் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர், நாலாங்கட்டையில் ஒரு வாயில் இருந்தது நிச்சயம் என்று சொன்னாலும் வழக்கு தீராது. முதல் வரிசையிலும் 4 இருக்கிறது, கடைசியிலும் 4 இருக்கிறது. எட்டாங்கட்டை என்று சொன்னால் தீரும்.